தரங்கம்பாடி தந்த பாடம்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று குழுவில் கேட்டார்கள். ஹாஸ்டல் மெஸ், கல்ச்சுரல்ஸ், கடைசி பெஞ்ச் என்று எழுத நம்மில் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்கள் என்னைவிட நன்றாகவே எழுதுவார்கள். அதனால் நான் 36 வயதில் இறந்துபோன ஒரு மனிதரைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். அவர் இறந்து 300 வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. ஜெர்மனியில் பிறந்த லுத்தரன் பாதிரியார்.

நாவலூரில் டோல்கேட் இருந்த நாட்களில் படித்தவர்களுக்குத் தெரியும், நம்ம ரோட்டுக்கு இந்தப் பக்கம் முழுக்க கம்ப்யூட்டர் கம்பெனி, அந்தப் பக்கம் பக்கிங்காம் கால்வாய், அதையும் தாண்டினால் கடல். கேளம்பாக்கத்தில் திரும்பி, கோவளத்தில் கடற்கரைச் சாலையைப் பிடித்து, மாமல்லபுரம், கல்பாக்கம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று நேராகத் தெற்கே போனால் சுமார் 250 கிலோமீட்டரில் தரங்கம்பாடி வரும். இன்றைக்கு அது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1845-ல் அது ஆங்கிலேயர்களுக்கு விற்கப்பட்டது. இந்த மனிதர் வாழ்ந்ததும், வேலை செய்ததும், அடக்கம் செய்யப்பட்டிருப்பதும் அங்கேதான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கிறிஸ்தவன் இல்லை. கந்த சஷ்டி கவசம் கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. இந்தப் பாதிரியாரோ நம் சாமி கதைகளை எல்லாம் கட்டுக்கதை என்று எழுதியவர். அப்படியிருக்க, அவரைப் பற்றி நம்ம காலேஜ் மலரில் ஏன் எழுத வேண்டும்? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அம்மா விட்டுப்போன சொத்து

சீகன்பால்கு 1682-ல் சாக்சனி நாட்டில் புல்ஸ்நிட்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தார். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர். அவருடைய அம்மா சாகும் தறுவாயில் பிள்ளைகளைக் கூப்பிட்டு, உங்களுக்காக ஒரு பொக்கிஷம் சேர்த்து வைத்திருக்கிறேன், அது பைபிளில் இருக்கிறது, அதன் ஒவ்வொரு பக்கத்தையும் என் கண்ணீரால் நனைத்திருக்கிறேன் என்று சொன்னதாக ஒரு செய்தி உண்டு. அவருக்குக் கிடைத்த முதல் சொத்தே ஒரு புத்தகம்தான் என்று சொல்லலாம்.

இசையும் அவருக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. கோர்லிட்ஸ் என்ற ஊரில் படித்தபோது பாட்டு, வாத்தியம் என்று பழகிய ஒரு நண்பர்தான் அவரைப் பக்தி வழியில் திருப்பினார். சுருதி சேர்வது போல மனசும் கடவுளோடு சேர வேண்டும் என்பது அந்த நண்பர் சொன்ன பாடத்தின் சாரம். பிறகு ஹாலே நகரத்தில் பிராங்கே என்ற பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தார்.

இந்த ஹாலே கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். லுத்தரன் சபைக்குள்ளேயே ரொம்பக் கண்டிப்பான பக்தர்கள் அவர்கள். அனாதை இல்லம், பள்ளிக்கூடம், அச்சகம், மருந்து தயாரிப்பு என்று பெரிய பெரிய வேலையெல்லாம் செய்தவர்கள். ஆனால் நாடகம், நடனம், சீட்டாட்டம் எதுவும் அவர்களுக்கு ஆகாது. வெறும் பொழுதுபோக்குக் கதைகளைப் படிப்பதும் நேரத்தை வீணாக்குவதுதான். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த பிள்ளைதான் பிற்காலத்தில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தமிழ்க் கதைகளைக் கேட்டது!

திண்ணைப் பள்ளியில் ஒரு வெள்ளைக்கார மாணவன்

டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக், தன் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடிக்குப் பாதிரியார்களை அனுப்ப விரும்பினார். டென்மார்க்கில் ஆள் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் இருந்து சீகன்பால்குவும் ஹென்ரிக் புளுட்சோ என்பவரும் தேர்வானார்கள். 1705 நவம்பரில் கப்பல் ஏறி, ஏழு மாதத்துக்கு மேல் பயணம் செய்து, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடி வந்து சேர்ந்தார்கள். அப்போது சீகன்பால்குவுக்கு வயது 24 கூட முழுசாக ஆகவில்லை. நம்ம பசங்க காம்பஸ் இன்டர்வியூ முடித்து முதல் வேலையில் திணறிக்கொண்டிருக்கும் வயசு.

அவர்களை வரவேற்க ஒரு ஆளும் இல்லை. ராஜா அனுப்பியவர்கள் என்றாலும், கோட்டையில் இருந்த டேனிஷ் கம்பெனி அதிகாரிகளுக்கு இவர்களைக் கண்டாலே பிடிக்கவில்லை. வியாபாரத்துக்கு இடைஞ்சல் வந்துவிடும் என்ற பயம்.

தமிழ் கற்க அவர் செய்த காரியம் எல்லோரும் அறிந்ததுதான். 70 வயதை ஒட்டிய ஒரு தமிழ் வாத்தியாரைப் பிடித்து, அவருடைய பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு மாற்றச் சொன்னார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். கம்பெனியில் துபாஷாக இருந்த அழகப்பன் என்பவர் பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்தவர். அவர் அர்த்தம் சொல்லிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் போட்டுக்கொண்ட டைம்டேபிளைப் பாருங்கள். காலையில் முதல் வேலை, சேர்த்து வைத்த தமிழ்ச் சொற்களைத் திருப்பிப் பார்ப்பது. 8 மணியில் இருந்து 12 மணி வரை, அதுவரை படிக்காத தமிழ்ச் சுவடிகளை மட்டும் படிப்பது. பக்கத்தில் வயதான புலவர் ஒருவரும், எழுதிக்கொள்ள ஓர் ஆளும் இருப்பார்கள். மத்தியானம் சாப்பிட்டு ஓய்வெடுத்த பின் 3 மணியில் இருந்து 5 மணி வரை மறுபடி சுவடி. ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் கண் வலிக்கும் என்பதால் ஒருவர் வாசிக்க இவர் காதால் கேட்பார். பிடித்த நடையில் ஒரு புத்தகம் கிடைத்தால் அதையே திரும்பத் திரும்ப, நூறு முறைகூடப் படிப்பாராம். இரண்டு வருஷத்துக்குள் சுமார் 20,000 சொற்கள் கொண்ட அகராதி தயார். செய்யுளில் மட்டும் வரும் சொற்களுக்குத் தனியாக இன்னொரு அகராதி.

சுவடிகள் எப்படிக் கிடைத்தன என்பதும் சுவாரசியம். காசு கொடுத்து ஆட்களைக் கிராமம் கிராமமாக அனுப்பினார். வீட்டில் படிப்பவர் இறந்து, பரணில் சும்மா கிடந்த ஏடுகளைப் பிராமண விதவைகளிடம் இருந்து விலைக்கு வாங்கிவந்தார்கள். கிடைக்காததைப் பிரதி எடுக்கத் தன் செலவில் எழுத்தர்களை வைத்துக்கொண்டார்.

அவர் எழுதிய ரிப்போர்ட்

1708-ல் இந்தப் புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்தார். பிப்லியோதேக்கா மலபாரிக்கா என்று அதற்குப் பெயர். அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழை மலபார் மொழி என்றுதான் சொல்வார்கள். நாலு பகுதிகள். லுத்தரன் நூல்கள் 14, கத்தோலிக்க நூல்கள் 21, சைவம், வைணவம், சமணம் முதலான தமிழ் நூல்கள் 119, இஸ்லாமிய நூல்கள் 11. மொத்தம் 165. வெறும் பெயர்ப் பட்டியல் இல்லை. இது எதைப் பற்றிய நூல், யாரால் ஆனது, தமிழர்கள் இதை எப்படி மதிக்கிறார்கள், தன்னுடைய அபிப்பிராயம் என்ன என்று பல நூல்களுக்குக் குறிப்பு எழுதினார்.

நான் ஒரு ஆட்டோமொபைல் உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறவன். எங்கள் பிரிவில் ஒரு பீஸை ரிஜெக்ட் செய்ய வேண்டும் என்றால் பார்த்ததும் தூக்கிப் போட முடியாது. அளந்து, எந்த அளவு எவ்வளவு வருகிறது என்று ரிஜிஸ்டரில் எழுதி, அப்புறம்தான் சிவப்பு மை. நல்லதாக வந்த அளவுகளையும் அதே தாளில் எழுதியாக வேண்டும். சீகன்பால்குவின் பட்டியலைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த ரிஜிஸ்டர்தான் ஞாபகம் வந்தது. தனக்கு வேண்டாத மதத்தின் நூல்களை அவர் முதலில் முழுசாக அளந்தார். அளந்ததை நேர்மையாக எழுதினார்.

அந்த 119-ல் தொல்காப்பியம் இருக்கிறது. திருக்குறள் இருக்கிறது. உ.வே.சாமிநாதையரும் சி.வை.தாமோதரம் பிள்ளையும் பழைய ஏடுகளை அச்சில் கொண்டுவந்ததற்குச் சுமார் 170 வருஷம் முன்னால் நடந்த வேலை இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீதி நூல்கள்தான் அவர் மனசை முதலில் மாற்றியவை. ஐரோப்பாவில் பலரும் நினைத்தது போல, தமிழர்கள் நாகரிகம் இல்லாதவர்கள், கல்வியோ ஒழுக்கமோ தெரியாதவர்கள் என்ற எண்ணத்தோடுதான் அவரும் கப்பலை விட்டு இறங்கினார். மொழி தெரிந்து, நூல்களைப் படிக்கப் படிக்க அந்த எண்ணம் உடைந்துபோனது. அப்படித் தான் நினைத்திருந்ததையும் அது மாறியதையும் மறைக்காமல் ஊருக்கு எழுதினார். வெறும் பாராட்டோடு நிற்கவில்லை. 1708-லேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்து அனுப்பிவைத்தார். நாமெல்லாம் சின்ன வயசில் ராகம் போட்டு ஒப்பித்த கொன்றைவேந்தன் 1708-ல் ஜெர்மன் பேசியது என்றால் ஆச்சரியமாக இல்லையா?

சித்தர் பாடல்களில் சிவவாக்கியம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கல்லைச் சுற்றுவதைக் கேள்வி கேட்டு, கடவுள் ஒன்று என்று பாடியவர் சிவவாக்கியர். தமிழருக்குள்ளேயே இப்படி ஒரு குரல் இருக்கிறதே என்று பிடித்துக்கொண்டு, தன் நூல்களில் பல இடங்களில் அவரை எடுத்துக் காட்டினார். தன் கட்சிக்குச் சாட்சி தேடினார் என்று இதைச் சொல்லலாம். உண்மையும் அதுதான். ஆனால் சாட்சியைத் தேட ஏட்டைப் புரட்டியாக வேண்டும் இல்லையா, அதைச் செய்தார்.

கதைகள் விஷயத்தில் அவர் கண்டிப்பானவர். புராணக் கதைகளைக் கற்பனை என்றார். சிற்றின்பம் பேசும் நூல்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. ஹாலேயில் வளர்ந்தவர் வேறெப்படிச் சொல்வார்! ஆனால் பிடிக்காத கதைகளையும் விட்டுவிடவில்லை. எந்தச் சாமிக்கு எந்தக் கதை, எந்தக் கோயிலில் என்ன திருவிழா, எந்த நூலில் அது வருகிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். சந்தேகங்களைத் தமிழர்களுக்கே கடிதமாக அனுப்பிப் பதில் வாங்கினார். அப்படி வந்த 99 கடிதங்கள் ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. 1700-களின் தொடக்கத்தில் காவிரிக் கரையில் வாழ்ந்த சாதாரண படித்த தமிழர்கள், தங்கள் மதத்தைப் பற்றியும் இந்த வெள்ளைக்காரர்களைப் பற்றியும் என்ன நினைத்தார்கள் என்பது அவற்றில் இருக்கிறது. பாதிரியாருக்கு நேராகவே சூடு கொடுத்த பதில்களும் உண்டு. அவற்றையும் சேர்த்துத்தான் அனுப்பினார்.

மற்றக் கிறிஸ்தவர்களின் நூல்கள் என்றால் இன்னும் தமாஷ். அந்தக் காலத்தில் லுத்தரன்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் ஆகவே ஆகாது. ஆனால் தமிழில் கிறிஸ்தவத்தை எப்படிப் பேசுவது என்று இவருக்கு முன்னால் யோசித்தவர்கள் கத்தோலிக்க சாமியார்கள்தான். தமிழ் எழுத்தில் முதல் அச்சுப் புத்தகம் 1578-லேயே கொல்லத்தில் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் அடிகளால் வந்துவிட்டது. சீகன்பால்கு அவர்களுடைய நூல்களைத் தேடிப் படித்தார். தன் கொள்கைக்கு ஒத்துவராததைத் தள்ளினார், சொற்களை எடுத்துக்கொண்டார். கடவுளைக் குறிக்க அவர்கள் வழங்கிய சர்வேசுரன் என்ற சொல்லையே இவரும் வழங்கினார். எதிர்க்கட்சியிடம் இருந்து கடன் வாங்க அவர் வெட்கப்படவில்லை.

ஜெர்மன் மெட்டும் தமிழ்ப் பாட்டும்

இசையில் மட்டும் அவருக்கு ஒரு பெரிய முடிச்சு விழுந்தது. லுத்தரன் சபை என்றாலே பாட்டு. மார்ட்டின் லுத்தரே பாட்டுக் கட்டியவர். கோயிலில் பாடகர்கள் மட்டும் இல்லாமல் எல்லா ஜனங்களும் சேர்ந்து பாட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதனால் சீகன்பால்குவும் ஜெர்மன் பாடல்களைத் தமிழில் ஆக்கி, அதே ஜெர்மன் மெட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இதில் என்ன சிக்கல் என்றால், ஜெர்மன் மெட்டுகள் பெரும்பாலும் ஓர் அசைக்கு ஒரு சுரம் என்று போகும். சொல்லில் எந்த அசையை அழுத்திச் சொல்கிறோமோ அங்கே தாளம் விழும். தமிழில் அப்படி அழுத்தம் கிடையாது. குறில், நெடில் என்ற கால அளவுதான். சொல்லும் விகுதி மேல் விகுதி சேர்ந்து நீண்டுகொண்டே போகும். குறிலை நீட்டி நெடிலைக் குறுக்கிப் பாடினால் அர்த்தமே மாறிவிடும். அளவெடுக்காமல் வேறொருவருக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி.

அவருடைய வாத்தியாரின் மகன் கணபதி வாத்தியார் என்ற இளைஞர் வேறு வழியில் போனார். வீட்டாரின் கடும் எதிர்ப்பை மீறிக் கிறிஸ்தவர் ஆனவர் அவர். பைபிள் கதைகளைத் தமிழ்ச் செய்யுளாகவே கட்டினார். பிள்ளைகள் அதைப் பாடினார்கள். சீகன்பால்கு அதைத் தடுக்கவில்லை. இந்த இரண்டாவது வழி பெரிய சாலையாக ஆனது பின்னால்தான். 1774-ல் பிறந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அதே லுத்தரன் மரபில் வளர்ந்து, சரபோஜி மன்னர் காலத்தில் ராகம், தாளம், குறவஞ்சி எல்லாவற்றையும் கிறிஸ்தவப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். இன்றைக்கும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக் கோயில்களில் ஜெர்மன் மெட்டு ஞானப்பாட்டும் கர்நாடக ராகக் கீர்த்தனையும் அடுத்தடுத்து ஒலிப்பதைக் கேட்கலாம்.

சிறை, ஈயம், காகிதம்

இத்தனையும் நிம்மதியாக உட்கார்ந்து செய்த வேலை இல்லை. 1708 நவம்பரில் கோட்டைத் தளபதி ஹாசியஸ் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார். நாலு மாதம். முதலில் பேனா, மைகூடக் கொடுக்கவில்லை. வெளியே வந்தவர் விட்ட இடத்தில் இருந்து வேலையைத் தொடர்ந்தார். சிறைக்குப் போவதற்குச் சற்று முன்பு தொடங்கிய புதிய ஏற்பாட்டின் தமிழாக்கத்தை 1711-ல் முடித்தார்.

நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்குப் பிடிக்கிற கதை இனிமேல்தான். லண்டனில் இருந்த ஒரு கிறிஸ்தவ சங்கம் அச்சு இயந்திரம் அனுப்பியது. போகும் வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பணம் கட்டி மீட்டால், கூட வந்த அச்சாளர் பாதி வழியில் இறந்துபோனார். மெஷின் வந்தது, ஓட்ட ஆள் இல்லை! டேனிஷ் படையிலேயே அச்சுத் தொழில் தெரிந்த ஒரு சிப்பாய் கிடைத்தார். ஹாலேயில் இருந்து தமிழ் எழுத்து அச்சுகள் 1713-ல் வந்தன. ஆனால் எழுத்து ரொம்பப் பெரிசு. அதில் அடித்தால் காகிதம் தாங்காது. லண்டனில் இருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடியை உருக்கி, தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். பக்கத்தில் பொறையாறில் காகித ஆலையும் போட்டார்கள். 1714-ல் முதல் பகுதி, 1715-ல் மீதி என்று தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. இந்திய மொழி ஒன்றில் புதிய ஏற்பாடு முழுசாக அச்சானது அதுவே முதல் முறை.

இடையில் ஐரோப்பாவுக்கு ஒரு முறை போனார். கப்பலில் உட்கார்ந்தே தமிழ் இலக்கணம் ஒன்றை லத்தீனில் எழுதினார். அது 1716-ல் ஹாலேயில் அச்சானது. கல்யாணம் செய்துகொண்டு அதே வருஷம் திரும்பி வந்தார்.

அவருடைய தமிழில் குறை இல்லாமல் இல்லை. பின்னால் வந்த வீரமாமுனிவர் தரங்கம்பாடிக்காரர்களின் தமிழைக் கடுமையாகக் கேலி செய்தார். பெப்ரீஷியஸ் என்ற லுத்தரன் பாதிரியாரே பிற்பாடு பைபிளைப் புதிதாக மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. முதல் மாடல் எப்போதும் அப்படித்தானே.

அலமாரியில் தூங்கிய புத்தகங்கள்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தமிழரின் சமயத்தைப் பற்றி 1711-ல் ஒரு பெரிய நூலும், தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி என்று 1713-ல் இன்னொரு நூலும் எழுதி ஹாலேக்கு அனுப்பினார் சீகன்பால்கு. அச்சாகும் என்று எதிர்பார்த்தார். அங்கே இருந்து வந்த பதிலின் சாரம் இதுதான்: அங்கே இருக்கும் மதத்தை வேரோடு எடுக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு இல்லை.

கையெழுத்துப் பிரதிகள் அலமாரிக்குப் போயின. தெய்வங்களின் வம்சாவளி 1867-ல்தான், அதுவும் நம்ம சென்னையில், ஜெர்மான் என்ற பாதிரியார் முயற்சியால் அச்சானது. 154 வருஷம். 1711-ல் எழுதிய நூல் 1926-ல் ஆம்ஸ்டர்டாமில் வந்தது. 215 வருஷம். கொன்றைவேந்தன் முதலான நீதிநூல் மொழிபெயர்ப்புகள் 1930-ல். 222 வருஷம். 165 நூல்களின் பட்டியல் முழு ஆராய்ச்சிப் பதிப்பாக வில் ஸ்வீட்மன், இரா. இலக்குவன் இருவராலும் புதுச்சேரியில் 2012-ல் வெளியானது. 304 வருஷம்!

யோசித்துப் பாருங்கள். அவருக்கு இந்தப் பக்கம் தமிழர்கள், உன் மதம் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள், நீ ஏன் அவர்கள் புத்தகத்தைப் படிக்கிறாய் என்றார்கள். நடுவில் கோட்டை அதிகாரிகள் வேறு. கடைசியில் கோபன்ஹேகனில் மிஷன் சங்கத்துக்குப் புதிதாக வந்த செயலாளர், கட்டிடம் கட்டிப் பணத்தை வீணாக்குகிறாய், ஊழியக்காரன் ஏழையாகச் சுற்ற வேண்டும் என்று கண்டித்துக் கடிதம் எழுதினார். ஏற்கனவே உடம்பு தளர்ந்திருந்தவரை அந்தக் கடிதம் நொறுக்கிவிட்டது. 1719 பிப்ரவரி 23 அன்று இறந்தார். வயது 36. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் மொழிபெயர்த்திருந்தார். முந்தின வருஷம் பிரதிஷ்டை செய்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். 2004 சுனாமி தரங்கம்பாடியைத் தாக்கியது. ஆலயம் நிற்கிறது. 2006-ல் அவர் வந்திறங்கிய 300-வது ஆண்டைக் கொண்டாடினார்கள்.

நமக்கு என்ன?

அவருடைய முடிவுகளை நான் ஏற்கவில்லை. என் வீட்டுப் பூஜை அறையைப் பார்த்து ஒருவர் கட்டுக்கதை என்றால் எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். அவர் மதம் மாற்ற வந்தவர் என்பதை மறைத்து இனிப்பு தடவவும் எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் கை எடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஏனென்றால், தப்பு என்று தான் நம்பிய ஒன்றைத் தப்பு என்று சொல்வதற்கு முன்னால் அந்த மொழியை மணலில் எழுதிக் கற்று, ஏட்டை விலைக்கு வாங்கி, நூறு முறை படித்து, அதில் இருந்த நல்லதை நல்லது என்று தன் எஜமானர்களிடமே வாதாடியவர் அவர். அழிக்கச் சொன்ன இடத்தில் பட்டியல் போட்டார். அவர் பட்டியலில் இருக்கும் சில பெயர்கள் எந்த நூலைக் குறிக்கின்றன என்று இன்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஏடு போய்விட்டது. அந்தப் பாதிரியார் எழுதிய குறிப்பு மட்டும் மிச்சம்.

நம் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரு நாவலைப் பற்றியோ சினிமாவைப் பற்றியோ சண்டை வந்தால் கவனித்துப் பாருங்கள். திட்டுகிறவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தவர்கள், எத்தனை பேர் பார்த்தவர்கள்? ஆதரிக்கிறவர்களும் அப்படித்தான். யாரோ அனுப்பிய நாலு வரியை வைத்துக்கொண்டு நாலு நாள் அடித்துக்கொள்கிறோம். காலை 8 மணியில் இருந்து 12 மணி வரை எதிராளியின் புத்தகத்தைப் படிக்க நம்மால் முடியாது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் முடியாதா என்ன?

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் லைப்ரரியில் தமிழ்ப் பகுதி என்று ஓர் அலமாரி இருக்கிறது. பிளேஸ்மென்ட் புத்தகங்களைத் தாண்டி அந்தப் பக்கமும் ஒரு நடை போங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு புத்தகத்தை எடுங்கள். கூடவே, உங்களுக்குப் பிடிக்காது என்று நீங்கள் உறுதியாக நம்பும் ஒரு புத்தகத்தையும் எடுங்கள். படித்துவிட்டு ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். இதில் என்ன இருக்கிறது, யார் இதை மதிக்கிறார்கள், ஏன் மதிக்கிறார்கள், என் அபிப்பிராயம் என்ன. அந்த வரிசையை மாற்றாதீர்கள். அபிப்பிராயம் கடைசியில்தான்.

பழைய மாணவர் சங்கத்துப் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இந்த வருஷ நிதியில் கொஞ்சம் ஒதுக்கி அந்த அலமாரிக்கு நாலு வகை நூல்களும் வாங்கிக் கொடுங்கள். நமக்குப் பிடித்தவை மட்டும் வேண்டாம். அவருடைய பட்டியலில் இருந்தது போல, எல்லாத் தரப்பும் இருக்கட்டும்.

முடிந்தால் ஒரு லீவு நாளில் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தரங்கம்பாடி போய் வாருங்கள். கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், ராஜ வீதியில் இருக்கும் அந்தச் சின்ன ஆலயத்துக்குள்ளும் ஒரு நிமிஷம் போய் நில்லுங்கள்.



2010 பேட்ச், மெக்கானிக்கல் பிரிவு